தண்ணி எங்க வருதுன்னு பாத்தயா கண்ணு?

வண்டி வாங்கிப்போட்டயாமா கண்ணு. சந்தோசம். அம்பாசிடர், அதுலயும் மார்க் டூ, 1972 மாடல், முன்னால பொடிப்பொடிக் கட்டம் போட்ட கிரில்லு. வெலைய நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ பாதிதான் சொல்லுவே. உன்ற ஊட்டுல அதுலயும் பாதி சொல்லியிருப்பே. அது உங்க குடும்ப நாயம், அப்பிச்சிக்கு எதுக்கு?

ஆனா ஒண்ணு காதுல உளுந்துச்சு. வண்டி வாசலுக்கு வந்த சூட்டோட சீட்டு, டோர் பேடு, மேல் லைனிங், காலடி மேட்டு, அத்தனையும் பிச்சு எடுத்துச் சாக்குல கட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போட்டயாமா. ரொம்ப நல்ல காரியம். நாத்தம் போச்சு, எலிப்புழுக்கை போச்சு, வண்டிக்குள்ள காத்தோட்டம் வந்துச்சு. இனி கோயமுத்தூர்ல சீட்டுத் தைக்கறவன்கிட்டப் போயி நில்லு. அவன் "அளவுக்குப் பழைய கவர் கொண்டாந்தீங்களா?"ன்னு கேப்பான். நீ போன எடுத்துப் படம் காட்டுவே. அவனும் தலைய ஆட்டிட்டு, போன மாசம் யாருக்கோ மார்க் ஃபோருக்குத் தைச்ச அளவ உன்ற வண்டில ஏத்தி, சேராத எடத்துல ரெண்டு இழுப்பு இழுத்து ஆணி அடிச்சு அனுப்பிச்சுடுவான். நீயும் புதுசு புதுசுன்னு தடவிப் பாத்துக்கிட்டு வருவே.

அதனால நாளைக்கு வெள்ளென எந்திரிச்சு அந்த இரும்புக்கடைக்குப் போ. சாக்கு இன்னும் அங்கதான் கெடக்கும். நீ வித்த வெலைக்கு மூணு மடங்கு கேப்பான். பேரம் பேசாம குடு. அந்தச் சாக்குல கெடக்கறது குப்பையில்ல சாமி, உன்ற வண்டியோட அளவுப் புத்தகம்.

சீட்டுக் கவர எடுத்து வெச்சுக்கிட்டு உக்காரு. தையல பிளேடால அறுத்துப் பிரி, கையால கிழிக்காதே. பிரிக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு துண்டுலயும் சாக்பீசுல நம்பர் போடு. ரெண்டு துண்டு சேர்ற எடத்துல குறுக்க ஒரு கோடு இழு. புதுத் துணில அந்தக் கோடும் கோடும் சேந்தாத்தான் ஓரத்துப் பைப்பிங் நேராப் போகும். இல்லீன்னா நெளிஞ்சுக்கிட்டே போயி மூலையில முட்டி நிக்கும். இன்னொண்ணு, அம்பது வருசமா ஆளுங்க உக்காந்து உக்காந்து பழைய ரெக்சின் இழுத்துக் கெடக்கும். அத அப்பிடியே வெச்சு வெட்டினா புதுசு தொளதொளன்னு வரும். தொழில் தெரிஞ்சவன் கொஞ்சம் உள்ள தள்ளிக் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் வெளிய உட்டு வெட்டுவான். தெரியாதவன்கிட்டப் போனா, "இப்பிடித்தாங்க இருக்கும், உக்காந்தாச் சரியாப் போயிரும்"பான். எத்தன நாள் உக்காரோணும்னு மட்டும் சொல்ல மாட்டான்.

மேல் லைனிங்கத் தூக்கிப் புடிக்கற கம்பிகளும் அந்தச் சாக்குலதான் இருக்கும். எல்லாம் ஒரே கம்பின்னு நெனச்சிருப்பே. கூரை முன்னால ஒரு வளைவு, நடுவுல ஒரு வளைவு, பின்னால ஒரு வளைவு. ஒவ்வொரு கம்பியும் அதனதன் எடத்துக்குத்தான் வளைச்சிருக்கும். கழட்டும்போதே முன்னாலருந்து பின்னாலைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பெயின்ட்ல புள்ளி வெச்சிருந்தா ஒரு நிமிச வேலை. நீ வெக்கலை. இனி ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துக்கிட்டு இரு. அந்த வேலைக்கு எப்பிடியும் ஒரு ஞாயித்துக்கிழமை போயிரும். ஊட்டு வேலைக்குக் கூப்புட்டா வர முடியாதுன்னு சொல்ல ஒரு காரணமாச்சு, அதுவும் நல்லதுதான்.

சரி, சாக்கு வந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். உடனே ரெக்சின் கடைக்கு ஓடாதே. என்ன கலர்னு யோசிச்சு ராத்திரி தூங்கறதில்லையாமா நீ. கலர் எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு: தண்ணி எங்க வருது?

முழிக்காதே. பழைய வண்டின்னா எங்கயோ தண்ணி வரும். வரலீன்னு வித்தவன் சொன்னான்னா, அவன் வித்தது பங்குனி மாசம். ரெண்டு பேரு வேணும். நீ டார்ச் லைட்டோட உள்ள போயிக் கதவச் சாத்திக்கோ. வெளிய உன்ற மச்சான நிறுத்திக் குழாயத் தெறந்து, மொதல்ல கீழ, அப்புறம் கதவு, அப்புறம் கண்ணாடி, கடைசியாக் கூரைன்னு மெதுவாப் புடிக்கச் சொல்லு. எடுத்தவுடனே கூரையில ஊத்தினா தண்ணி எல்லாப் பக்கமும் எறங்கி எந்த ஓட்டைன்னே தெரியாது. கண்ணாடி ரப்பரோட மேல் மூலையில பூந்த தண்ணி, ரப்பருக்குள்ளயே ஓடிக் கீழ் மூலையில சொட்டும். சொட்டற எடத்துல பசையத் தடவிப்போட்டுச் சாதிச்சுப்போட்டேன்னு நிக்காதே. பூந்த எடத்தப் பாரு.

டோருல தண்ணி வந்தாத் தப்பில்லே, வரத்தான் செய்யும். ஏறி எறங்கற கண்ணாடியோட மேல் இடுக்குல மழைத்தண்ணி உள்ள எறங்கி, கதவோட அடி ஓரத்துல இருக்கற சின்ன ஓட்டை வழியா வெளிய போயிரும். அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க. அந்த ஓட்டை மண்ணடைச்சுக் கெடந்தா, தண்ணி கதவுக்குள்ளயே தேங்கித் தகடு அடியிலிருந்து துருவேறும். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒண்ண எடுத்துக் குத்தி உடு. காசு செலவில்லாத வேலை, அதனாலதான் ஒருத்தனும் செய்யறதில்லே. கதவுக்கும் பேடுக்கும் நடுவுல ஒரு பாலிதீன் தாளு ஒட்டி, அதோட அடி ஓரத்தக் கதவுக்குள்ள செருகி உடோணும். உள்ள வர்ற ஈரம் அந்தத் தாள்ல பட்டுக் கதவுக்குள்ளயே எறங்கிப்போகும். அந்தத் தாளு கிழிஞ்சதும் பேடுல இருக்கற ஹார்டுபோர்டு ஈரத்தக் குடிச்சு உப்பும். ஆணி, கிளிப்பு எல்லாம் கழண்டுக்கும். அப்புறம் நீ கதவச் சாத்தும்போதெல்லாம் பேடு தொடைல இடிக்கும். நீ எத்தன ஒசந்த ரெக்சின் ஒட்டினாலும் அந்தப் போர்டுக்கு அடுத்த ஐப்பசி வரைக்குந்தான் ஆயுசு.

காலடில பாத்தயா? ரப்பர் மேட்டு, அதுக்கடியில சணல் ஃபெல்ட்டு. மேட்டு மேல தண்ணி நிக்காது, ஓரத்துல எறங்கி ஃபெல்ட்டுக்குப் போயிரும். ஃபெல்ட்டு குடிச்சத வெளிய உடாது. மேல தொட்டுப் பாத்தாக் காஞ்சு கெடக்கும். அடியில தகட்டுல விரல் பூர்ற அளவுக்கு ஓட்டை. அதத் தட்டிப் பாக்காம டிங்கரிங் முடிஞ்சதுன்னு எவனாவது சொன்னா, "அண்ணா, ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்க"ன்னு கேளு. கேட்டதும் அவன் மொகத்தப் பாரு. மொகமே சொல்லிரும், தகட்டக் குத்தவே வேண்டாம். சில எடத்துல ஓட்டைக்குப் புதுத்தகடு வெச்சு வெல்டு வெக்கறதுக்குப் பதிலா, பட்டி போட்டுத் தேச்சுப் பெயின்ட் அடிச்சுடுவாங்க. பெயின்ட் பளபளங்கும். நீ ஒரு நாள் பிரேக்கக் கொஞ்சம் பலமா அமுக்கினா, காலு ரோட்டத் தொடும்.

வரிசை என்னன்னா, டிங்கரிங், அப்புறம் பெயின்ட், அப்புறம் வயரிங், அப்புறம் மேல் லைனிங், கண்ணாடி, கதவு, காலடி. சீட்டு எல்லாத்துக்கும் கடைசி. இதுல உன்னாட்டப் பசங்க பண்றது நேர் தலைகீழு. சீட்டத் தைச்சு மாட்டிப் படம் புடிச்சு அனுப்பிச்சு, அப்புறம் பெயின்ட் கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போறது. பெயின்டரு நல்லவன், உன்ற புதுச் சீட்டு மேலயே உக்காந்து சம்மணம் போட்டு மத்தியானச் சோறு திம்பான்.

பெயின்ட்டுன்னதும் நாபகம் வருது. கண்ணாடி ரப்பரக் கழட்டாம, பேப்பர் ஒட்டி அடிச்சுத் தாரேன், அம்பாசிடருக்கு அது போதும்னு சொல்றவன்கிட்ட வண்டிய உடாதே. பழைய வண்டி பாக்கப் போனா நான் மொதல்ல பாக்கறது ரப்பரோட ஓரத்ததான். அங்க பெயின்ட் சொட்டு இருந்தா, ரப்பருக்கடியில பழைய துரு அப்பிடியே குடியிருக்குதுன்னு அர்த்தம். இருக்கட்டும் பாவம், வாடகையா குடுக்குது?

கண்ணாடி மாட்டறத மட்டும் நீ நேர்ல நின்னு பாரு. அது ஒரு வித்தை. ரப்பரக் கண்ணாடியச் சுத்தி மாட்டுவாங்க. ரப்பரோட வெளிப்பள்ளத்துல ஒரு கயித்தச் சுத்தி, ரெண்டு நுனியும் வண்டிக்குள்ள தொங்கற மாதிரி உடுவாங்க. சோப்புத் தண்ணியத் தாராளமாத் தடவிக் கண்ணாடிய எடத்துல வெச்சு, ஒருத்தன் வெளிய நின்னு உள்ளங்கையால அமுக்கோணும், இன்னொருத்தன் உள்ள உக்காந்து கயித்த ஒரே சீரா இழுக்கோணும். கயிறு வர வர ரப்பரோட உதடு தகட்டுக்கு உள்பக்கமா ஏறி உக்காந்துரும். இழுக்கறவனும் அமுக்கறவனும் பேசிக்காத ஆளுங்களா இருந்தாக் கண்ணாடி ஒடைஞ்சுரும். அதனால உன்ற மச்சான அன்னிக்குக் கூப்புடாதே. ரப்பருக்கு நடுவுல ஓடற பளபளப்புப் பீடிங் எல்லாத்துக்கும் கடைசி. ரப்பர இறுக்கறதே அதுதான். அழகுக்குன்னு நெனச்சு, கெடைக்கலைன்னு உட்டுப்போட்டா மறுபடி மழைக்கு நீ குழாய்த் தண்ணியிலருந்து ஆரம்பிக்கோணும்.

புது ரப்பர் வாங்கும்போது வளைச்சுப் பாரு. வளைக்கறப்ப பொடிப்பொடியா வெடிப்பு தெரிஞ்சா, அலமாரியிலயே வயசாகிப் போனதுன்னு அர்த்தம். கடைக்காரன் "ஒரிஜினல்"னு மூணு தடவை சொன்னா அவனுக்கே சந்தேகம் இருக்குது. இங்க உக்கடத்துல கெடைக்கலீன்னா மெட்ராசுல புதுப்பேட்டை, அங்கயும் இல்லீன்னா கல்கத்தாவுல மல்லிக் பஜார். வண்டி பொறந்ததே கல்கத்தாவுக்குப் பக்கத்துல உத்தரபாராவுலதானே, தாய் ஊட்டுப் பக்கம் எதாச்சும் மிச்சம் இருக்கும். இங்கிலாந்துக்காரன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஒண்ண ஓட்டிச் சலிச்சு உட்டான். நம்மாளுங்க அத வாங்கி 1950கள் கடைசில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் செஞ்சாங்க. கிரில்ல மாத்தி மாத்திப் போட்டு, மார்க் டூ, த்ரீ, ஃபோருன்னு பேரும் மாத்திக்கிட்டே வந்தாங்க. அதனால ஒரு மார்க்கோட சாமானு இன்னொரு மார்க்குக்கு ஏறும், ஆனா உக்காராது. ஏறறதையும் உக்கார்றதையும் ஒண்ணுன்னு சொல்லித்தான் உன்ற தலைல கட்டுவாங்க.

மேல் லைனிங் ஒட்டறவனுக்கு வெயில் தெரியோணும். நம்மூரு சித்திரை வெயில்ல வண்டிக் கூரைத் தகட்டத் தொட்டுப் பாத்திருக்கயா? தோசை சுடலாம். அங்கப் போயி மரத்துக்கு ஒட்டற வெள்ளைப் பசைய வெச்சு ஒட்டினா, ஒரு நாள் மேட்டுப்பாளையம் போறப்ப லைனிங்கு உன்ற தலைல முக்காடாட்டம் எறங்கும். ரப்பர்ப் பசைதான் வேணும். ரெண்டு பக்கமும் தடவி, உடனே ஒட்டாம, விரல் வெச்சா ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காய உட்டு, அப்புறம் ஒரே தடவைல ஒட்டோணும். காயற வரைக்கும் பொறுக்க மாட்டாம டீ குடிச்சு ஒட்டிப்போடற ஆளுதான் சாஸ்தி. நடுக் கம்பியில ஆரம்பிச்சு முன்னாலயும் பின்னாலயும் இழுத்துக்கிட்டுப் போகோணும். ஓரத்துல கிளிப்பு மாட்டி வெயில்ல நிறுத்து, துணி எளகும், சுருக்கத்த இன்னொரு இழுப்பு இழு. கூரை லைட்டோட வயரு லைனிங்குக்கு மேல போகுது, அத வெளிய எடுத்து வெச்சயான்னு ஒட்டறதுக்கு முன்னால ஒருக்காக் கேளு. கேக்கலீன்னா ஒட்டி முடிச்சு எல்லாரும் கைதட்டினதுக்கு அப்புறந்தான் நாபகம் வரும்.

இப்ப வா சீட்டுக்கு. நீ எத்தன நேரமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறேன்னு எனக்குத் தெரியும். செவப்பு ரெக்சின், வைரக் கட்டம் போட்டுத் தையலு, கட்டத்துக்கு நடுவுல பித்தளைப் பொட்டு. படம் காட்டினே. நல்லாத்தான் இருக்குது, கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை பொண்ணு சோபாவுக்கு. அம்பாசிடருக்கு முன்னால ஒரே நீளப் பெஞ்சு சீட்டு, கியரு ஸ்டியரிங்ல. மூணு பேரு தாராளமா, நம்ம ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம்னா நாலு பேரு, நடுவுல ஒரு குழந்தை. அத எடுத்துப்போட்டு, தனித்தனி பக்கெட் சீட்டு வெக்கலாம்னு யாரோ சொன்னானாமா. வெச்சுக்கோ. கல்யாணத்துக்கு மூணு வண்டி வாடகைக்குப் புடிச்சுக்கோ.

உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தயா, எலிக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டயா? அடியில சுருள் ஸ்பிரிங்கு, ஒண்ணோட ஒண்ணு சணல் கயித்தால கட்டியிருப்பாங்க. அதுக்கு மேல சாக்குத் துணி. அதுக்கு மேல தேங்காய் நாரு. அதுக்கு மேல பஞ்சு, பஞ்சு மேல ரெக்சின். ஒவ்வொண்ணுக்கும் வேலை இருக்குது. சாக்கு ஸ்பிரிங்கு நார அறுக்காமப் பாத்துக்கும். நாரு ஸ்பிரிங்கோட முட்டு தொடையில தெரியாமப் பாத்துக்கும். பஞ்சு நாரு குத்தாமப் பாத்துக்கும். பொள்ளாச்சியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாருக்கு அலையறதில்லையே நாம. முறுக்கிச் சுருட்டுன நார்ல ரப்பர்ப் பால் தெளிச்சு வேக வெச்சு மெத்தைத் தகடா அறுத்து விக்கறாங்க. அதுல காத்துப் போகும், வேர்வை நிக்காது. எலிக்கும் அது புடிக்கும், அது வேற நாயம். வண்டிய மாசக்கணக்குல மூடி வெச்சா எலிக்கு ஊடு கட்டிக் குடுத்த புண்ணியம் உனக்கு.

சீட்டுக்காரன் சொல்லுவான், "ஸ்பிரிங்க வீசிப்போடுங்க, நாப்பது டென்சிட்டி ஃபோமு போட்டு மெத்து மெத்துன்னு பண்ணித் தாரேன்"னு. அவனுக்கு வேலை மிச்சம். ஃபோமு புதுசுல ஒசந்து நிக்கும். நீ வேற உன்ற அப்பன விட ரெண்டு விரக்கடை ஒசரம். தலை கூரையில, தொடை ஸ்டியரிங்குல, ரெண்டுக்கும் நடுவுல நீ. வேகத்தடைல ஏறினா ரெண்டும் சேந்து சாமி கும்புட வெக்கும். ஒடைஞ்ச ஸ்பிரிங்க மட்டும் மாத்திப் பழைய கட்டு கட்டச் சொல்லு. "அதெல்லாம் இப்ப யாருங்க கட்டறா"ன்னு சலிச்சுக்குவான். சலிச்சுக்கறவனுக்குக் கட்டத் தெரியும், தெரியாதவன் சிரிப்பான். சலிச்சுக்கறவன்கிட்ட வேலையக் குடு.

தோலு போடலாமான்னு கேட்டே. பாத்தயா, பணம் இருந்தா யோசனையும் வருது. தோலுக்கு நம்ம நாடு ஒண்ணும் கொறஞ்சதில்லே. ஆவாரம் பட்டை போட்டுப் பதம் பண்ணின தோலு மெட்ராசுல கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன காலம் உண்டு. ஈஸ்ட் இந்தியா தோல்னு அதுக்கு அங்க பேரு. ஆம்பூரு, வாணியம்பாடிப் பக்கம் இன்னிக்கும் தோல் தொழில்தான். ஆனா இந்தப் பக்கம் ஓடுன அம்பாசிடர்ல நான் தைச்சது எல்லாம் ரெக்சின்தான். தாசில்தாரு போனதும் ரெக்சின் மேலதான், மில்லு மொதலாளி போனதும் ரெக்சின் மேலதான். பெரிய மனுசங்க அது மேல ஒரு வெள்ளைத் துண்டு விரிச்சுக்குவாங்க. தோலுக்கு ஆகற காச நெனச்சா அந்தத் துண்டு எத்தனையோ சிலாக்கியம். வேர்வையக் குடிக்கும், வாராவாரம் தொவைக்கலாம், கூடவே அதிகாரி ஆன நெனப்பும் வரும்.

ரெக்சினே என்ன, தோலாட்டம் வேசம் கட்டுன துணிதான். மான்செஸ்டருக்குப் பக்கத்துல ஹைடுன்னு ஒரு ஊருல, பருத்தித் துணி மேல நைட்ரோசெல்லுலோஸ் கொழம்பப் பூசி, தோல் வரியாட்டம் அச்சு அமுக்கி வித்தாங்க. சுளுவாத் தீப்புடிக்கற சரக்கு. பீடி குடிக்கற டிரைவரு இருந்தா வண்டிக்கு ஆபத்து. இன்னிக்கு ரெக்சின்னு நம்ம கடைல வர்றது பி.வி.சி. பூசுன துணி. அகலம் 54 அங்குலம். வாங்கும்போது பின்பக்கத்தத் திருப்பிப் பாரு, துணி நெருக்கமா இருக்கோணும். முன்பக்கம் எல்லாக் கடைலயும் மினுமினுப்புத்தான். மாட்டற அன்னிக்குக் கவர மத்தியான வெயில்ல அரை மணி நேரம் காயப் போடச் சொல்லு. சூட்டுல எளகின ரெக்சின் இழுத்த இழுப்புக்கு வரும், பொழுதோட குளுந்து இறுகிக்கும். சீமையில இதுக்குன்னு சூட்டுக்காத்து மிசினு வெச்சிருக்கானாமா. நமக்குப் பகவான் ஓசில குடுத்திருக்கறான், அதுலயும் வருசம் முழுக்க.

கலரு எதுன்னு இனியும் கேட்டா, பழைய கவரோட மடிப்பப் பிரிச்சுப் பாரு. வெயில் படாத உள்மடிப்புல கம்பெனி போட்ட கலரு அப்பிடியே இருக்கும். இரும்புக்கடைக்கு ஓடச் சொன்னது எதுக்குன்னு இப்பப் புரியுதா? மனசு கேக்கலீன்னா அவினாசி ரோட்டுல ஜீ.டி. கார் மியூசியம் இருக்குது, போயி ஒரு சுத்து சுத்திப் பாரு. எந்தக் காலத்து வண்டிக்குள்ள எது இருந்துச்சுன்னு கண்ணுக்குப் பழகும். வைரக் கட்டம் எங்கயாச்சும் இருந்தா வந்து சொல்லு, நானே உனக்கு ஓசில தைச்சுத் தாரேன்.

வெளிய பளபளப்பு வேலைக்கு வருவோம். பம்பரு, அது மேல நிக்கற ரெண்டு கொம்பு, வீல் கப்பு, கைப்பிடி, சைடு மோல்டிங்கு. எல்லாத்தையும் ஒட்டுக்கா மூட்டை கட்டிப் பிளேட்டிங் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போயி, "எல்லாத்துக்கும் குரோமியம் போடுங்க"ன்னா, பட்டறைக்காரன் உனக்கு டீயும் வடையும் வாங்கித் தருவான். வடைய வாங்கித் தின்னு, ஆனா சாமான மொதல்ல பிரிச்சு வை. காந்தத்த ஒட்டிப் பாரு. ஒட்டலீன்னா அலுமினியம், மஜாக்கு, இல்லீன்னா எவர்சில்வரு. ஒட்டுச்சுன்னா இரும்பு மேல பூச்சு. ஆனா இத்தன வருசத்துல ஒரு பொட்டுத் துருவில்லாம இருந்து காந்தமும் ஒட்டுச்சுன்னா, அது சில வகை எவர்சில்வரு. எவர்சில்வருக்குப் பூச்சே வேண்டாம். நெளிவு எடுத்துப் பஃப் அடிச்சாக் கண்ணாடி. அதுக்கும் குரோமியம்னு காசு வாங்கினவனுங்க உண்டு. வாங்கிப்போட்டு பஃப் மட்டும் அடிச்சுக் குடுப்பானுங்க. யாரும் கண்டுபுடிக்கறதில்லே, ஏன்னா பாக்க நல்லாத்தான் இருக்கும்.

மஜாக்குல புள்ளிப்புள்ளியாப் பொரிஞ்சிருந்தா உசாரு. அது நாகம் கலந்து வார்த்த உலோகம், பொரிவு மேல இல்லே, உள்ள போயிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நோண்டிச் சுத்தம் பண்ணி அடைச்சு, அப்புறம் பூச்சு. வேலை எச்சு, கூலியும் எச்சு. அந்தக் காசுக்கு நல்ல பழைய கைப்பிடி கெடைக்குமான்னு தேடறது புத்தி.

பம்பருக்கு மட்டும் முறையாப் பண்ணு. பழைய பூச்ச முச்சூடும் உரிச்சு, துரு எடுத்து, தேச்சு, செம்பு ஏத்தி, மறுபடி தேச்சு, நிக்கல் ஏத்தி, கடைசியாத்தான் குரோமியம். குரோமியம் குரோமியம்னு ஊரே சொல்லுது, ஆனா அந்தப் பூச்சு ஒரு மைக்ரான் கூட வராது. உன்ற தலைமுடி, இருக்கற வரைக்கும், எழுபது மைக்ரான் பக்கம் இருக்கும். மினுமினுப்பும் துருவுக்குக் காப்பும் அடியில இருக்கற நிக்கல்லதான். குரோமியம் அந்த நிக்கல் மங்காமப் பாத்துக்குது, அவ்வளவுதான். செம்பையும் நிக்கலையும் கொறச்சுப்போட்டு மேல மட்டும் பளபளன்னு குடுத்தா, ரெண்டு மழைக்கு அடியிலருந்து துரு எட்டிப் பாக்கும். தேச்சு எடுக்கறதுலதான் பாதி வேலை. பாதிப் பேரு தேய்க்கறதில்லே. பூச்சு பள்ளத்த மறைக்காது, எடுத்துக் காட்டும். குடுக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் படம் புடிச்சு, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோ. பிளேட்டிங் தொட்டிக்குள்ள போன சாமான் எல்லாம் திரும்பி வர்றதா இருந்தா, புதுப்பேட்டைல அத்தனை கடை எதுக்கு?

நானே செய்யறேன்னு தொட்டி வெக்கற எண்ணம் இருந்தா அத உட்ரு. குரோமியத் தண்ணி வெசம். ராணிப்பேட்டைல பழைய குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல குமிஞ்சு கெடந்து நெலத்தடித் தண்ணியக் கெடுத்த கதை ஊரறிஞ்சது. மேலாப்புல படிஞ்ச துருவுக்கு, சோறு மடிக்கற அலுமினியத் தாள உருட்டித் தண்ணி தொட்டுத் தேச்சுப் பாரு. பாதிச் சாமானு அதுக்கே தெளிஞ்சுரும். மீதிக்கு மட்டும் பட்டறை.

முன்னால ஒரு இரும்புக் கிராஷ் கார்டு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாளு, இதெல்லாம் ஆசை இருந்தா இப்பவே சொல்லிரு. கறுப்புத் தாளு ஒட்டக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2012லயே சொல்லிருச்சு. கிராஷ் கார்டு கூடாதுன்னு 2017 கடைசில மத்திய சர்க்காரு சொல்லிருச்சு. போலீசுக்காரரு நிறுத்தினா "அப்பிச்சிதான் ஒட்டச் சொன்னாருங்க"ன்னு என்ற பேரச் சொல்லாதே.

அம்பது வருசம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு பதிய 2021ல ஒரு விதி வந்துச்சு. புதுசாப் பதிஞ்சா நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து, கட்டணம் 20,000 ரூவா. ஏற்கெனவே நம்பர் இருந்தாப் பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா அப்பிடிப் பதிஞ்ச வண்டிய தெனமும் கடைக்கண்ணிக்கு ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரிச் சில காரியத்துக்குத்தான் வெளிய வரலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ரொம்ப மாறாம இருக்கோணும்னு அதுல போட்டிருக்குது. சீட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலே. அதனால வைரக் கட்டம் போட்டுக் கெடுக்க உனக்குச் சட்டப்படி முழு உரிமை உண்டு கண்ணு. வெளிக் கலர மாத்தினா மட்டும் ஆர்.சி. புத்தகத்துல எழுதி வாங்கிக்கோ.

காசு எத்தன ஆகும்னு இன்னும் நீ கேக்கலை, நானும் சொல்லலை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. பில்ல எல்லாம் டேஷ்போர்டு டப்பாவுல வெக்காதே. மொத நாள் வால்பாறைக்கு ஏறறப்ப உன்ற ஊட்டுக்காரிக்குக் கொமட்டும், எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறயான்னு மொதல்ல அந்த டப்பாவத்தான் தெறப்பா.